நனையாத ஒரு சாண்

கூண்டு வைத்த நான்காவது நாள் காலையில்தான் அவர் அதைக் கவனித்தார். கூண்டின் மேல்வலை வழியாகத் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து முடித்ததும் உள்ளே இருந்த செடிகளெல்லாம் வழக்கம்போல மினுமினுத்தன. செம்பருத்தி இலையின் நுனியில் தொங்கிய துளி கீழே குடைச்செடியின் மேல் விழுந்து, அங்கிருந்து மணிபிளான்ட் கொடியில் வழிந்து, அடித்தட்டில் டக்கென்று போய்ச் சேர்ந்தது. மூலைக்கு மூலை சாய்த்து வைத்திருந்த பெரிய கிளை மேலிருந்து கீழ்வரை கறுத்து நனைந்திருந்தது, உச்சியில் ஒரு சாண் நீளத்தைத் தவிர. அந்த ஒரு சாண் மட்டும் வெயிலில் காய்ந்த விறகு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதற்கு நேர்மேலே பாட்டிலை வைத்து இன்னும் ஐந்தாறு முறை அடித்துப் பார்த்தார். சுற்றிலும் ஒழுகியது, அந்த இடம் மட்டும் நனையவில்லை.

பாட்டில் மூக்கில் ஏதோ அடைப்பு என்று தீர்மானித்து, ஊசியால் குத்திச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, மகளைப் பள்ளிக்குக் கிளப்பப் போனார்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது அவர் தொழில். தெருவில் வலைக்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு மீன் இருக்கிறதா என்று கேட்டு வந்து, அசடு வழியத் திரும்பிப் போனதும் உண்டு. மனைவி நர்ஸ். பத்து நாள் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் அவளை வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அவரும் ஏழு வயது மகளும் மட்டும்.

மகளுக்குக் குழந்தையிலிருந்தே மூச்சிளைப்பு. நாய் வேண்டும் என்று ஒரு வருஷம் அழுதாள், ரோமம் ஆகாது என்றார் டாக்டர். பூனைக்கும் அதே பதில். கிளி என்றாள், இறகு ஆகாது. ரோமமும் இல்லாமல் இறகும் இல்லாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்கிற ஜீவன் எது என்று அப்பாவும் மகளும் உட்கார்ந்து யோசித்ததில் விவகாரம் பச்சோந்தியில் வந்து நின்றது. மனைவி ஊருக்குப் போகும்முன் ஒப்புக்கொண்டாள், ஆனால் பெட்டியை மூடும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எதை வேணா வளத்துக்குங்க. அவ மூச்சு விடுறது உங்க பொறுப்பு."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வயதில் ஒருமுறை மகளின் உதடு நீலம் பாரித்ததைத் தன் மடியில் வைத்துப் பார்த்தவர் அவர். அந்த நிறத்தை அதற்குப் பிறகு எந்தச் சுவருக்கும் எந்தச் சட்டைக்கும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை.

அந்தக் கிளை கிடைத்தது ஒரு காலி வீட்டில். வீட்டை விற்கப்போவதால் பழைய வலைகளைக் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். அறுபதைத் தொட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். முன்பக்கத்து அறைகளில் ஒன்றும் விசேஷமில்லை. பின்பக்கத்து அறையில் மட்டும் வலையைப் பார்த்து வலைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூனையோ காக்காயோ எதுவானாலும் வெளியிலிருந்துதான் வந்து முட்டும். அதனால் வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து ஸ்டேப்லர் பின் அடிக்க வேண்டும். முட்ட முட்ட வலை சட்டத்தோடு அழுந்தும். உட்பக்கம் வைத்து அடித்தால், ஒரே முட்டில் பின்னெல்லாம் பிடுங்கிக்கொண்டு உள்ளே விழுந்துவிடும். தொழில் பழக வந்தவனுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற சங்கதி இது. இந்த அறையில் நான்கு ஜன்னலுக்கும் உட்பக்கத்தில்தான் அடித்திருந்தது, அதுவும் விரற்கடைக்கு ஒரு பின் என்று. அப்படியும் எல்லா வலையும் மேல் மூலையில் வெளிப்பக்கமாகத் தொப்பை போட்டிருந்தது.

தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கிளையை முட்டுக்கொடுத்தாற்போல நிறுத்தி வைத்திருந்தார்கள். அறையில் வேறு சாமான் இல்லை. கிளையின் மேல்பாதியில் பட்டை போய், பேருந்தில் எல்லோரும் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கம்பி மாதிரி வழுவழுவென்றிருந்தது. பச்சோந்தி ஏறி இறங்க அசல் கிளை, கடையில் வாங்கினால் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கேட்டார். அதுவரை அறைக்கு வெளியிலேயே நின்றிருந்த வீட்டுக்காரர், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சட்டென்று சொன்னார். எதையுமே தொடாமல் நின்ற மனிதர் கிளையின் ஒரு முனையைத் தானே பிடித்து வண்டிவரை சுமந்து வந்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

கூண்டு நன்றாகத்தான் வந்தது. நாலரை அடி உயரம், நாலு பக்கமும் மேலேயும் மெல்லிய வலை, ஏனென்றால் இந்தப் பிராணிக்குக் காற்று ஓட்டம் இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்றார் செல்லப்பிராணிக் கடைக்காரர். அதைக் கேட்டதும் நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று அவருக்கு அதன்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. மேலே வெயில் காய ஒரு பல்பு, பக்கத்தில் புற ஊதாக் கதிர்க் குழல்விளக்கு, காலை ஆறுக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணைய ஒரு டைமர். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்காது, இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும். ஆகவே அசல் செடிகள், தினம் இரண்டு வேளை தெளிப்பு. கிளையைக் கூண்டு அளவுக்கு அடியில் அறுத்துக் குறுக்கி, மூலைக்கு மூலை சாய்த்து நிறுத்தினார். எல்லாரையும் உயரத்திலிருந்து பார்த்தால்தான் அதற்குப் பயம் தெளியும் என்பதால், ஹாலில் உயரமான மேசைமேல் ஏற்றினார். மகள் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம், அப்படியொரு நேர்க்கோட்டில். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம்தான் அடித்தார். இருபது வருஷப் பழக்கம், கை அதுவாகச் செய்தது. இரண்டு முட்டை எடைகூட இல்லாத ஜீவன் உள்ளேயிருந்து எதை முட்டப்போகிறது?

மகள் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தாள். இரண்டு கண்ணும் இரண்டு திசையில் உருள்கிறதே, போர்டில் எழுதிக்கொண்டே கடைசி பெஞ்சைப் பார்க்கிறவர் அவர்தான் என்றாள். முதல் நாள் முழுக்க ஒரே விளையாட்டு. அவள் இந்தப் பக்கம் நிற்பாள், அப்பா அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வாத்தியார் ஆளுக்கொரு கண் கொடுப்பார்.

இரண்டாம் நாளே வாத்தியார் கறுத்துவிட்டார். புது இடம் என்று விட்டார்கள். மூன்றாம் நாளும் அதே கறுப்பு, உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடிமூலையில், செம்பருத்தித் தண்டை நாலு காலாலும் கட்டிக்கொண்டு. இரைக்கென்று சுவர்க்கோழிப் பூச்சிகளை உள்ளே விட்டால் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. வலைக்காரர் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்ப, அவர் உடனே கூப்பிட்டார்.

"இன்னொண்ணும் வாங்கி உள்ள விட்டிருக்கீங்களா சார்? ரெண்டு ஒரே கூண்டுல ஆகவே ஆகாது. பக்கத்துல வேற ஒண்ணு இருந்தாத்தான் இப்படிக் கறுக்கும்."

ஒன்றுதான் இருக்கிறது என்றார் இவர். கண்ணாடி ஏதாவது எதிரில் இருக்கும், எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அவர் போனை வைத்தார். ஹாலில் கண்ணாடியே கிடையாது. இருந்தாலும் அலமாரியில் பளபளத்த ஒரு தட்டை எடுத்துச் சமையலறைக்குள் வைத்தார்.

நனையாத ஒரு சாணைப் பார்த்த அன்று மாலை, மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"நீ சமையக்கட்டுல இருக்கும்போதும் வாத்தியார் எனக்கு ஒரு கண்ணுதாம்பா குடுக்கறாரு."

"இன்னொரு கண்ணு எங்க பாக்குது?"

"கிளைக்கு மேல. அங்க யாரும் இல்லையேன்னு நானும் பாத்தேன்."

சொல்லிவிட்டு ரப்பரால் எதையோ அழித்துத் தூளை ஊதினாள். அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. அவர் எழுந்துபோய்க் கூண்டின் முன்னால் நின்றார். கீழ்மூலையிலிருந்து வாத்தியாரின் ஒரு கண் அவர்மேல் வந்து நின்றது. இன்னொன்று, சின்னக் கோபுரம் மாதிரி குவிந்த அந்தத் தோல்மூடிக்குள் கறுப்புப் புள்ளியாக, மேலேயே குத்திட்டு நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு சுவர்க்கோழி கிளைமேல் ஏறியது. தயங்கித் தயங்கி, மீசையை ஆட்டிக்கொண்டு, உச்சிவரை போயிற்று. அப்புறம் இல்லை. குதிக்கவில்லை, விழவில்லை. வாத்தியார் நாக்கை நீட்டவும் இல்லை. இரண்டு இலைகளுக்கு நடுவில் ஒரு நீர்த்துளி, எந்த இலையிலும் ஒட்டாமல் நின்றிருந்ததைப் பார்த்தார். சிலந்தி நூலில் தொங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். அது மெல்ல இடம் மாறியது.

அன்றிரவு அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. விடியும் நேரம், விளக்கு எரிவதற்கு முன்னால், ஹாலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். வலையை இழுத்து அடித்து முடித்ததும், விறைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விரல் நகத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுப்பார். ட்ர்ர்ர் என்று வரும். அந்தச் சத்தம்தான். மெதுவாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. நின்றது. மறுபடி, அடுத்த பக்கத்து வலையில். யாரோ நாலு பக்கத்தையும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பொறுமையாக, வேலை தெரிந்தவர்கள் போல.

ஆறு மணிக்கு டைமர் டிக்கென்றது, விளக்கு எரிந்தது, சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து போனார். அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மகளின் அறையைப் பார்த்த பக்கத்தில், வலையின் மேல்மூலை புடைத்திருந்தது. வலையில் விழுந்த புடைப்பைப் பார்த்தே முட்டியது எது என்று சொல்லிவிடுவார் அவர். பூனைத் தலை உருண்டையாக விழும், பந்து தட்டையாக. இது ஐந்து சின்னப் புடைப்பு, வரிசையாக, உள்ளிருந்து வெளியே. தன் விரல்களை வைத்துப் பார்த்தார். கட்டைவிரலை முதல் புடைப்பில் வைத்தால், சுண்டுவிரல் மூன்றாவதைத்தான் எட்டியது. பக்கத்தில் இரண்டு பின்கள் பாதி வெளியே வந்திருந்தன.

மகளைப் பள்ளியில் விட்டதும் காலி வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் மறுபடி. சாயங்காலம், மகளை அழைத்து வந்து, லேசாக இளைப்பு இருந்ததால் மருந்து கொடுத்துப் படுக்கவைத்த பிறகுதான், வீட்டுக்காரர் எடுத்தார். கிளை என்று ஆரம்பித்ததுமே அவர் இடைமறித்தார்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

மகள் இருக்கிறாள், ஏழு வயது என்றார் இவர்.

"எங்கப்பா உள்ள நின்னுதான் அந்த வலையெல்லாம் அடிச்சாரு. அடிச்சிட்டு வெளிய வந்து கதவைப் பூட்டினாரு. தினமும் காலையில ஜன்னல் வழியா உள்ள தண்ணி தெளிப்பாரு. செடிக்குன்னு சொல்லுவாரு. உள்ள செடியே கிடையாதுங்க."

வலைக்காரர் மகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. நாலு வயசு வரைக்கும்." பிறகு, "நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்," என்றார். வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வாத்தியாரைப் பூப்போல எடுத்து அட்டைப்பெட்டியில் விட்டார், கூண்டுக் கதவைத் திறந்து கிளையை உருவினார், மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ரம்பத்தால் எட்டுத் துண்டாக அறுத்தார், சாக்கில் கட்டித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே நாலு செங்கல்லையும் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. வாத்தியாரைச் செடிமேல் ஏற்றிவிட்டார். பத்து நிமிஷத்தில் கறுப்பு வெளுத்து, பழுப்பாகி, பிறகு இளந்தளிர் போலப் பச்சை வந்தது. மூன்று நாளாகப் பட்டினி கிடந்த ஜீவன் சளப்பென்று நாக்கை வீசி ஒரு சுவர்க்கோழியைப் பிடித்து மென்றது. அதைப் பார்த்து அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தீர்ந்தது என்று வாய்விட்டே சொன்னார்.

ஏழரைக்கு மனைவி கூப்பிட்டாள். இது தினசரி வழக்கம். பயிற்சிக்குப் போன நாளிலிருந்தே, மகள் தூங்கியதும் அவர் போனின் ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணைமேல் வைக்க வேண்டும். நர்ஸம்மா அங்கிருந்தே ஒரு நிமிஷம் மகளின் மூச்சை எண்ணுவாள். எண்ணிக்கை திருப்தியாக இருந்தால்தான் சாப்பிடப் போவாள். விடிவிளக்கு மட்டும் எரிந்த அறையில், போனை மகளின் காதருகே வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அரை நிமிஷத்திலேயே மனைவி எண்ணுவதை நிறுத்தினாள்.

"ரெண்டு மடங்கா வருதே. உங்க மூச்சும் சேர்ந்து கேக்குது. தள்ளி நில்லுங்க."

அறைவாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னும் கேக்குதுங்க."

"நான் வாசல்ல நிக்கிறேன். ஃபேனா இருக்கும்."

"ஃபேன் மூச்சு வாங்காதுங்க." அலுப்பாகச் சிரித்தாள். "சரி, மெல்லிசா விசில் மாதிரி கேக்கறது பாப்பாவோடது. அதை மட்டும் எண்ணிக்கறேன். பேசாம இருங்க."

அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு," என்றது போன்.

அப்போது அவருக்கும் கேட்டது. மகளின் மெல்லிய விசில். அதற்கு அடியில் இன்னொன்று, ஈரமாக, நிதானமாக, அவள் இழுக்கும்போது விட்டு, அவள் விடும்போது இழுத்து.

"ரெண்டு. மூணு."

திரும்பிப் பார்த்தார். கூண்டுக்கு அடியில், தரையில், ஹால் விளக்கொளியில் ஏதோ மின்னியது. பின்கள். பத்துப் பன்னிரண்டு. மேல்மூலையில் வலை சட்டத்தைவிட்டுப் பிரிந்து, வெளிப்பக்கமாக மடிந்து தொங்கியது. கிளையை உருவும்போது அது இப்படி இருந்ததா? நினைவில்லை. வெளிப்பக்கம் அடித்த வலை. உள்ளேயிருந்து முட்டினால் நிற்காத வலை.

"ஆறு."

வாத்தியார் பச்சையாகவே இருந்தார். அவருக்கு இப்போது பயமில்லை. கூண்டில் அவர் மட்டும்தான். ஒரு கண்ணை வலைக்காரர்மேல் வைத்திருந்தார். இன்னொரு கண், நேர்க்கோட்டில், அறைக்குள். கட்டில்மேல்.

"எட்டு. ஒம்பது."

மேசைமேல் தெளிக்கும் பாட்டில் இருந்தது. எப்படி எடுத்தார் என்று தெரியவில்லை. கையில் இருந்தது. அறைக்குள் ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. கட்டிலில் மகள் மல்லாந்து படுத்திருந்தாள், வாயைத் திறந்து, போர்வையைக் காலில் சுருட்டிக்கொண்டு. வேறு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. பாட்டிலை உயர்த்தினார்.

"பன்னெண்டு."

அழுத்தினார்.

பனிபோல இறங்கியது தண்ணீர். தலையணையில் விழுந்தது. மகளின் முடியில் விழுந்தது. போர்வையில் விழுந்தது. அவள் நெஞ்சுக்கு மேலே மட்டும் விழவில்லை. அங்கேயே நின்றது.

"பதினாலு."

இன்னொரு முறை அழுத்தினார். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. வளைந்த முதுகு. மடங்கிய முழங்கால், கட்டிலின் விளிம்பில். நீளமான கை. அதன் முனையில் ஐந்து விரல், மகளின் நெஞ்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை மூடி, அவள் மூச்சோடு ஏறி, அவள் மூச்சோடு இறங்கி.

"பதினஞ்சு. பதினாறு."

தலை இருக்க வேண்டிய இடத்தில் துளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. குடித்தது. பிறகு, மிச்சமிருந்த துளிகள் மெல்ல அவர் பக்கம் திரும்பின.

"பதினேழு," என்றாள் மனைவி.

விரல்கள் கீழே அழுந்தின. அவை மேலே வரவில்லை. தலையணை மேலிருந்த போனில், அடுத்த எண்ணைச் சொல்வதற்காக அவள் காத்திருப்பது கேட்டது.